எழிலியா, கயல்விழியா? இரண்டு பெயரும் பிடித்துப்போனால் என்ன செய்வது

பெண் குழந்தைக்கு நல்ல பெயர் நூறு சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. நூறு பெயரைச் சலித்துச் சலித்து இரண்டுக்கு வந்துவிட்டு, அந்த இரண்டில் எதை விடுவது என்று தெரியாமல் முழிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். ஏழாம் மாசத்தில் தொடங்கி, பிள்ளை பிறந்து முப்பதாம் நாள் தொட்டில் போடும் வரைக்கும் நாங்கள் அப்படித்தான் முழித்தோம்.

நான் திருமங்கலம் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. 11 வருஷமாக வருகைப் பதிவேடு வாசித்து வாசித்து, பிள்ளைகளின் பெயர் எப்படியெல்லாம் பாடுபடும் என்று பார்த்தவள். வீட்டுக்காரர் மதுரையில் லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். மூத்தவள் தென்றல், வயது 6. அடுத்தது பையன் என்றால் ஒரே பெயர்தான் வைத்திருந்தோம், அதில் பேச்சே இல்லை. பெண் என்றால்தான் இரண்டு: எழிலி, கயல்விழி. அவருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று பிரிந்திருந்தால் சண்டை போட்டாவது முடித்திருப்போம். இரண்டுமே இரண்டு பேருக்கும் பிடித்திருந்ததுதான் வினை.

முதலில், அவசரம் வேண்டாம். ஆஸ்பத்திரியிலேயே பெயரைக் கேட்பார்கள், உடனே சொல்லாவிட்டால் ஏதோ குற்றம்போல நமக்குப் பதறும். பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இடத்தைக் காலியாக விட்டுப் பதிந்துகொள்ளலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். அதில் ஒரு தடவை ஏறிய எழுத்தை மாற்ற அலைய வேண்டியிருக்கும். அதனால் நீங்களாகவே ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது தொட்டில் போடும் நாள்.

அப்புறம், மொட்டை மாடிக்குப் போங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் எல்லாப் பெயரும் அழகாகத்தான் இருக்கும். தெருமுனையில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோலக் கத்திக் கூப்பிட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார், நான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். "எழிலீ" என்று இழுத்தால் தெரு முழுக்கப் போகிறது. "கயல்விழீ" என்றாலும் போகிறது, ஆனால் வாய் நடுவில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. மூன்றாவது தடவை கூப்பிடும்போது நானே "கயலூ" என்றுதான் கூப்பிட்டேன்.

இங்கேதான் முக்கியமான ஒன்று பிடிபட்டது. நம் வீடுகளில் யாரும் ஐந்தெழுத்துப் பெயரை முழுதாகக் கூப்பிடுவதில்லை. மாலையில் சூட்டும் பெயரை அடுத்த நாள் காலையிலேயே நறுக்கிவிடுவார்கள். ஆகவே போட்டி எழிலிக்கும் கயல்விழிக்கும் இல்லை, எழிலுக்கும் கயலுக்கும்தான். உங்கள் இரண்டு பெயரையும் அப்படி நறுக்கி வைத்துக்கொண்டு யோசியுங்கள். நறுக்கியதும் எழில் கொஞ்சம் சறுக்கியது. என் வகுப்பில் இதுவரை இரண்டு எழில் படித்திருக்கிறார்கள், இரண்டும் பையன்கள். ஒருவன் எழிலரசன், இன்னொருவன் வெறும் எழில். ஆள் முகம் தெரியாதவர்கள் பட்டியலில் எழில் என்று பார்த்தால் ஆண் என்று போட்டுவிட வாய்ப்பு உண்டு. கயலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கோபத்திலும் கூப்பிட்டுப் பாருங்கள். தாய்மார் வாயில் பெயர் அதிகம் வருவது அப்போதுதான். பால் டம்ளரைத் தட்டிவிட்ட தென்றலை ஒரு நாள், வேண்டுமென்றே, "ஏய் கயல்விழி!" என்று அதட்டினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "அது பாப்பா பேரும்மா, பாப்பா ஒண்ணும் செய்யலையே" என்றாள். அந்தப் பரிசோதனையை அதோடு விட்டுவிட்டேன்.

பட்டப்பெயர் என்னவாகும் என்று தெரிய வேண்டுமென்றால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேளுங்கள். பெரியவர்களைக் கேட்காதீர்கள், அவர்கள் உங்கள் மனசு நோகக் கூடாது என்று பார்ப்பார்கள். நான் லீவு போடுவதற்கு இரண்டு வாரம் முன்னால், "நம்ம கிளாஸ்ல புதுசா ஒரு பிள்ளை சேரப்போகுது, பேரு எழிலி" என்று சொன்னேன். சாக்பீசைக் கீழே வைப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து வந்தது: "டீச்சர், எலியா?" வகுப்பே சிரித்தது. எனக்குள் எங்கேயோ ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. அடுத்த வாரம் இன்னொரு புதுப் பிள்ளை, கயல்விழி. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. சரி, தப்பித்தோம் என்று நினைத்தபோது ஒருத்தி எழுந்து, "கயல்னா என்ன டீச்சர்?" என்றாள். மீன் என்றேன். "அப்ப கருவாடு!" என்றான் அதே கடைசி பெஞ்சு.

அன்று புரிந்தது, தப்பிக்கிற பெயர் கிடையாது. பட்டப்பெயர் வருமா என்று பார்ப்பது வீண்வேலை. வந்தால் அந்தப் பிள்ளை அதைச் சேர்ந்து சிரித்துச் சமாளிக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள். எலியை ஒரு பெண் சமாளித்துவிடுவாள். சில பெயர்களை அப்படிச் சமாளிக்க முடியாது, அதற்குப் பிறகு வருகிறேன்.

ழகரம் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பெயரிலும் ழ இருக்கிறது, எங்கள் பக்கம் பாதிப் பேர் வாயில் அது ள. எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, எழிலி என்பது எளிலி, கயல்விழி என்பது கயல்விளி. நான் தமிழ்ப் பாடம் நடத்துகிறவள், முதலில் இது எனக்கு முள்ளாகக் குத்தியது. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி குத்தவில்லை. கயல்விழியில் ழ கடைசியில் இருக்கிறது, கயல் என்று சுருக்கினால் ழகரமே போய்விடுகிறது. எழிலியிலோ மூன்றெழுத்தில் நடு எழுத்தே ழகரம், தப்பிக்க முடியாது. உங்கள் பெயரில் ழ, ஞ, ற மாதிரி வாய் தடுக்கும் எழுத்து இருந்தால், அது பெயரின் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அதை யார் தினமும் சொல்லப்போகிறார்கள் என்றும் பாருங்கள். பிள்ளையைப் பகல் முழுக்க வைத்திருக்கப்போவது பாட்டி என்றால் பாட்டி வாய்க்குத்தான் முதல் மரியாதை.

அடுத்தது எழுத்து வேலை. முன்பின் தெரியாதவரிடம் பெயரைச் சொல்லி, அவர் அதை எப்படி எழுதுகிறார் என்று பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும்போது என் பெயருக்குப் பதில் எழிலி என்று சொன்னேன். டெய்லர் பில்லில் 'எளில்' என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஜாக்கெட் கயல்விழி பெயரில் போனது. அதைச் சரியாக எழுதினார், திரும்பக் கேட்கக்கூட இல்லை. ஆங்கிலத்தில் எழிலிக்கு இ, இசட், ஹெச், ஐ, எல், ஐ என்று ஆறு எழுத்து, கயல்விழிக்குப் பத்து. ஆறு எழுத்து லாபம்தான், ஆனால் அதில் அந்த இசட்டும் ஹெச்சும் தொடக்கத்திலேயே வந்து நிற்கின்றன. தமிழ் தெரியாதவர் எசிலி என்பாரோ ஏஜிலி என்பாரோ, அவர் பாடு.

கூடவே அப்பா பெயரையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். நமக்கு இனிஷியல் போதும். ஆனால் பாஸ்போர்ட்டில் இனிஷியலாகப் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் பெயர் பாண்டியராஜன். கயல்விழி பாண்டியராஜன் என்று ஆங்கிலத்தில் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்பிப் பார்த்தால், ஒரு படிவத்தில் பாதி வரிக்கு மேல் ஓடுகிறது. தமிழில் இனிஷியல் போட்டும் படித்துப் பாருங்கள், சில சமயம் அது வேறு வார்த்தையாகிவிடும். அழகாக ஆவதும் உண்டு. அப்பா கோபாலாக இருந்து பிள்ளை மதியாக இருந்தால் கோ. மதி, வாசிக்கும்போது கோமதி. அப்பா பெயர் பாவில் தொடங்கி பிள்ளை ரதியானால் பா. ரதி, அது பாரதி. அசிங்கமாக ஆவதற்கும் உதாரணங்கள் தெரியும், இங்கே எழுதவில்லை. நீங்களே வாய்விட்டு வாசித்தால் தெரிந்துவிடும். பா. எழிலி, பா. கயல்விழி இரண்டிலும் விபரீதம் இல்லை.

நட்சத்திரம், எண் கணிதம் இரண்டையும் வேகமாகக் கடந்துவிடலாம். ஆனால் வீட்டில் கடக்க விடமாட்டார்கள். பாப்பாவுக்கு அவிட்டம். அவிட்டத்தில் பெண் பிறந்தால் தவிட்டுப் பானையெல்லாம் தனம் என்பார்கள், அதனால் இரண்டாவதும் பெண்ணா என்று இழுத்த வாய்கள் கொஞ்சம் அடங்கின. அவிட்டத்துக்குப் பஞ்சாங்கத்தில் க, கி, கு, கே. அதாவது கயல்விழி. என் தம்பி எண் கணிதப் பைத்தியம். எழிலியை ஆங்கில எழுத்துக்குக் கூட்டி 22 வருகிறது, அது ஆகாது, கடைசியில் இன்னொரு ஐ போட்டால் 23, அமோகம் என்றான். பிள்ளை வாழ்நாள் முழுக்க "ரெண்டு ஐ போடணும் சார்" என்று சொல்லிக்கொண்டு திரியவா என்று கேட்டேன், போனை வைத்துவிட்டான். நட்சத்திர எழுத்துக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு வழி உண்டு. தொட்டில் போடும்போது காதில் மூன்று தடவை சொல்லும் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் இன்னொன்று. பெரியவர்கள் மனசு அதில் நிறைந்துவிடும் என்றால் அதற்காகச் சண்டை வேண்டாம்.

இப்போது அர்த்தம். இதில்தான் நான் நிறைய நாள் செலவழித்தேன்.

எழிலி என்றால் மேகம். எழில் என்றால் அழகு, ஆகவே எழிலி என்றால் அழகி என்று பத்தில் ஒன்பது பேர் நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டும், திருக்குறளில் வான்சிறப்பில் 17வது குறளில் இந்தச் சொல் வருகிறது என்று சொல்ல வேண்டும். தென்றலுக்குத் தங்கை மேகம் என்பது எனக்குக் கேட்கவே குளிர்ச்சியாக இருந்தது. கயல்விழிக்கு விளக்கம் தேவையில்லை. மதுரைக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம், பாண்டியன் கொடியில் இருப்பதே மீன், ஊரை ஆளுகிறவள் பெயர் மீனாட்சி, மீன் போன்ற கண்ணுடையவள். இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் அத்தையின் பெயரும் மீனாட்சி.

பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. தாத்தா பாட்டி பெயரைத் தாங்குகிறவர்கள். அந்தக் காலத்தில் மாமியார் பெயரை அப்படியே பிள்ளைக்கு வைத்துவிட்டு, மருமகள் அதை வாயால் சொல்லக் கூடாது என்பதால் வாழ்நாள் முழுக்க ஆத்தா, பாப்பா என்று கூப்பிட்டுச் சமாளித்தார்கள். கயல்விழி என்று வைத்தால் அத்தை பெயரும் ஆச்சு, நான் தாராளமாக அதட்டவும் ஆச்சு. இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்? இதைச் சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று அத்தையிடம் போனேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிரக்கூட இல்லை. "மதுரையில தெருவுக்குப் பத்து மீனாட்சி இருக்காளுக, தாயி. பேங்குல பேர் சொல்லிக் கூப்பிட்டா நாலு பேரு எந்திரிக்கிறோம். அந்தப் புள்ளைக்காவது தனியா ஒரு பேரு இருக்கட்டுமே" என்றார்.

யாருக்காக ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களோ அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்கே அது வேண்டாததாக இருக்கலாம்.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது என் சின்னம்மாவைப் பற்றி. நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவருக்கு வைத்த பெயர் போதும்பொண்ணு. எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறையில் இந்தப் பெயர் அபூர்வம் இல்லை, அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையில் வைப்பது. சின்னம்மா கையெழுத்துப் போடும்போது பாதிப் பெயரை விட்டுவிடுவார். ரேஷன் கடையில் முழுப் பெயரையும் சத்தமாக வாசிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டு போய் வாங்கி வருவார். எலி, கருவாடெல்லாம் வெளியே இருந்து வருவது. அவர் பெயரே "நீ வேண்டாம்" என்று சொன்னது, அதை வைத்தது வீடு. எனக்கு இரண்டாவதும் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவர் அவர்தான். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "நல்ல பேரா வையி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அகராதியைப் புரட்டுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் கையில் இருந்த இரண்டுமே அவர் சொன்ன கணக்கில் நல்ல பெயர்கள்தான். உங்கள் இரண்டும் அப்படித்தான் இருக்கும். அர்த்தத்தை வைத்து ஒன்றைத் தள்ள முடியாது என்று தெரிந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடுங்கள்.

கூட்டிப் பார்த்தால் எல்லாம் கயல்விழி பக்கம்தான். டெய்லர், நட்சத்திரம், மதுரை, ஆண் பெண் குழப்பம், எண் கணிதம்கூட. எழிலிக்கு ஆதரவாக அத்தையின் பூண்டு உரித்த பேச்சும் தென்றலும்தான். இருபத்தெட்டாம் நாளும் முடிவாகவில்லை. அப்போது நான் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்றேன். வெள்ளைப் பூ எழிலி, சிவப்புப் பூ கயல்விழி, பொட்டலம் கட்டிச் சன்னதியில் போட்டு ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வது. வீட்டுக்காரர் சரி என்றார். அத்தைதான் தடுத்தார். "சாமிகிட்டக் கேட்டா சொன்னதை மீறக் கூடாது. செகப்பு வந்தா ஒத்துக்குவியா?"

ஒத்துக்கொள்வேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர், "வெள்ளை வந்தாலும் சரி, செகப்பு வந்தாலும் சரி" என்றார். "அப்ப உனக்கு ரெண்டும் ஒண்ணு, அவளுக்கு ஒண்ணு இல்ல. எதுக்குடா பூவுக்குக் காசு?" என்றுவிட்டு அத்தை எழுந்து போய்விட்டார்.

எழிலி என்று வைத்தோம். டெய்லர் தப்பாக எழுதினால் திருத்திக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றியது, இப்போதும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறோம். பூக்கட்டிப் பார்க்க நினைக்கிறவர்கள் பொட்டலம் கட்டுவதற்கு முன்னால் எங்கள் அத்தையின் கேள்வியை ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் உண்மையிலேயே எது வந்தாலும் சம்மதம் என்றால் தாராளமாகக் கட்டலாம், அதில் தவறே இல்லை.

தொட்டில் அன்று நாத்தனார் காதில் மூன்று தடவை சொன்னார். முதலில் நட்சத்திரத்துக்காகக் கயல்விழி, பிறகு எழிலி. பிள்ளை இரண்டுக்கும் தூங்கிக்கொண்டிருந்தது.

பதிவு செய்யும்போது ஒரு எச்சரிக்கை. பெயரை வாயால் சொல்லாதீர்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தும் எங்களுக்குத் திரையில் 'எழில்' என்றுதான் ஏறியிருந்தது. லாரி புக்கிங்கில் வண்டி எண்ணை ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பழகிய மனுஷன் என்பதால் வீட்டுக்காரர் கண்ணில் பட்டது, சான்றிதழ் எடுப்பதற்கு முன்பே திருத்திவிட்டார்கள். அம்மா பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, இவற்றையும் அப்போதே எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.

மிச்சமான பெயர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கொழுந்தன் மனைவிக்கு இப்போது ஐந்தாம் மாசம். போன வாரம் வந்தவள் தயங்கித் தயங்கி, "அக்கா, அந்தக் கயல்விழி சும்மாதானே இருக்கு, நாங்க எடுத்துக்கவா?" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் கொடுக்க மனசே வரவில்லை. அப்புறம் எடுத்துக்கோ என்றேன். பையன் பிறந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.